ஆண்டுக்கொரு நிறம் வரும். உங்கள் சுவருக்கு எது பொருந்தும்?

பண்டிகை நெருங்கினால் வீட்டிற்கு வெள்ளையடிப்பது நம் நாட்டின் நெடுநாள் வழக்கம். தமிழகத்தில் பொங்கலுக்கு முன்னும் வடமாநிலங்களில் தீபாவளிக்கு முன்னும் சுண்ணாம்பை நீற்றி, சிறிது நீலம் கலந்து, சுவர் முழுவதும் பூசிவிடுவார்கள். எந்த நிறம் என்ற கேள்வியே அன்று எழுந்ததில்லை. இன்று பெயிண்ட் கடைக்குள் நுழைந்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறங்களைக் கொண்ட ஷேட் கார்டை நம் முன் விரிக்கிறார்கள். போதாக்குறைக்கு, ‘இந்த ஆண்டின் நிறம் இதுதான்’ என்ற விளம்பரமும் நம்மைத் தொடர்ந்து வருகிறது.

புதுமையை விரும்புவதில் தவறில்லை. ஆனால் வண்ணப்பூச்சு என்பது சில ஆயிரங்களில் தொடங்கிச் சில லட்சங்கள் வரை செல்லக்கூடிய குடும்பச் செலவு. விருப்பத்தையும் சிக்கனத்தையும் எவ்வாறு இணைப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நிறத்தை அறிவிப்பவர்கள் யார்?

‘ஆண்டின் நிறம்’ என்ற வழக்கத்தை உலக அளவில் பரப்பியது பான்டோன் என்ற அமெரிக்க நிறுவனம். 2000ஆம் ஆண்டுக்கு வான்நீலச் சாயல் கொண்ட செருலியன் என்ற நிறத்தை அது தேர்ந்தெடுத்தது. அன்று முதல் ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பு தொடர்கிறது. 2023இல் விவா மெஜந்தா என்ற அடர் சிவப்பு; 2024இல் பீச் ஃபஸ் என்ற இளம் பீச் நிறம்; 2025இல் மோக்கா மூஸ் என்ற காப்பிப் பழுப்பு. 2026ஆம் ஆண்டுக்குரிய நிறம் எது தெரியுமா? கிளவுட் டான்சர் என்ற வெள்ளை! நம் பாட்டனார் காலத்துச் சுண்ணாம்புச் சுவருக்கு உலகம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து சேர்ந்திருக்கிறது.

நம் நாட்டில் 1942இல் மும்பையில் தொடங்கப்பட்ட ஏஷியன் பெயிண்ட்ஸ் போன்ற நிறுவனங்களும் இத்தகைய ஆண்டு அறிவிப்புகளை வெளியிடுகின்றன. இவற்றைக் குறித்து ஓர் உண்மையை நினைவில் கொள்ள வேண்டும். பான்டோன் பெயிண்ட் தயாரித்து விற்கும் நிறுவனம் அன்று. அச்சு, ஆடை, பிளாஸ்டிக் முதலிய தொழில்கள் அனைத்தும் ஒரே நிறத்தை ஒரே எண்ணால் குறிப்பிட உதவும் அளவுகோலை வழங்குவதே அதன் முதன்மைத் தொழில். ஆகவே அந்நிறம் சுவரை மட்டும் எண்ணித் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. புடவை, கைப்பேசி உறை, அழகுசாதனம், நாற்காலி என எல்லாவற்றுக்குமானது. கடையில் அதன் பெயரைச் சொன்னால், அதற்கு நெருங்கிய ஒரு நிறத்தைத்தான் கலந்து தருவார்கள்.

இதில் வாடிக்கையாளருக்கு ஒரு நன்மையும் உண்டு. ஒரு நிறம் புகழ்பெறும் காலத்தில் அதே சாயலில் திரைச்சீலை, மெத்தை விரிப்பு, தலையணை உறை, விளக்கு ஆகியவை கடைகளில் எளிதாகக் கிடைக்கும். ஆகவே புதிய நிறத்தை வீட்டிற்குள் அழைத்து வரச் சுவர் ஒன்றே வழி என்று எண்ண வேண்டியதில்லை.

ஓராண்டு நிறம், ஐந்தாண்டுச் சுவர்

நடப்பு நிறத்தின் புகழ் பெரும்பாலும் ஓராண்டில் தணிந்துவிடுகிறது. நல்ல எமல்ஷன் பூசிய உட்சுவரோ, ஓதம் இல்லாவிடில் ஐந்தாறு ஆண்டுகள் தாங்கும். இவ்விரண்டு ஆயுளுக்கும் உள்ள இடைவெளியில்தான் பலருடைய பணம் வீணாகிறது. சலித்துப்போன நிறத்தை மாற்றச் சுவர் பழுதாகும் முன்பே மீண்டும் செலவு செய்ய நேர்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட ஓர் அறை. நான்கு சுவர்களின் மொத்தப் பரப்பு 440 சதுர அடி. இதில் 7 அடிக்கு 3 அடி கதவு ஒன்றுக்கு 21 சதுர அடியையும், 4 அடிக்கு 4 அடி சன்னல்கள் இரண்டுக்கு 32 சதுர அடியையும் கழித்தால் 387 சதுர அடி எஞ்சும். ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு பூச்சுக்குச் சுமார் 120 சதுர அடி வரும் என்று கொண்டால், நான்கு சுவர்களுக்கும் மூன்றேகால் லிட்டர் தேவை. பூச்சளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் டின்னில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

இப்போது, கதவும் சன்னலும் இல்லாத 12 அடிச் சுவர் ஒன்றுக்கு மட்டும் நடப்பு நிறத்தைப் பூசுவதாகக் கொள்வோம். அதன் பரப்பு 120 சதுர அடி. ஒரு லிட்டர் போதும். ஏனைய சுவர்களுக்கு வெண்ணிறமோ, இளஞ்சந்தன நிறமோ, சலிப்பூட்டாத வேறொரு மென்னிறமோ பூசலாம். மூன்று ஆண்டுகளுக்குப் பின் மனம் மாறினால், ஒரு சுவரும் ஒரு நாள் கூலியுமே செலவு. பூசுவதற்கு முன் செய்யும் ஆயத்த வேலையும் கூலியும் மொத்தச் செலவில் பெரும்பங்கு வகிப்பதால், இந்தச் சேமிப்பு லிட்டர் கணக்கில் தெரிவதைவிட அதிகமாகவே இருக்கும்.

உள்ளலங்காரக் கலைஞர்கள் பின்பற்றும் 60–30–10 என்ற விகிதமும் இதற்குத் துணைசெய்யும். அறையின் தோற்றத்தில் அறுபது பங்கு அமைதியான ஒரு நிறம். முப்பது பங்கு அதனோடு இசையும் மற்றொரு நிறம், பெரும்பாலும் மரச்சாமான்களும் திரைச்சீலைகளும். பத்துப் பங்கு மட்டும் எடுப்பான நிறம். நடப்பு நிறத்துக்கு அந்தப் பத்துப் பங்கே தகுந்த இடம். விரும்பினால் முப்பது வரை செல்லலாம்; அறுபதாக்கும் முன் இருமுறை சிந்திப்பது நலம்.

அடர்நிறத்தைத் தேர்ந்தெடுப்போர் மற்றொன்றையும் கருத வேண்டும். அடர்நிறச் சுவரை மறுபடி வெளிர்நிறமாக்க, ப்ரைமரும் கூடுதல் பூச்சும் தேவைப்படும். அடர்நிறத்துக்குப் போவது எளிது. திரும்பி வருவதற்குத்தான் செலவு.

வெளிச்சமே பாதி வண்ணம்

ஷேட் கார்டில் அழகாகத் தெரிந்த நிறம் சுவரில் வேறாகத் தெரிவது ஏன்? கடையிலுள்ள விளக்கும் உங்கள் வீட்டு விளக்கும் ஒன்றல்ல என்பது முதற்காரணம். 2700 கெல்வின் அளவுள்ள மஞ்சள் ஒளியில் பழுப்பும் சிவப்பும் செழித்துத் தெரியும், நீலம் மங்கும். 6500 கெல்வின் வெள்ளொளியில் நீலமும் சாம்பலும் எடுப்பாகத் தெரியும். பீச் போன்ற நிறங்கள் வெளிறிப்போகும். மேலும், விரலளவு அட்டையில் மென்மையாகத் தெரியும் நிறம் நான்கு சுவர்களிலும் பரவும்போது ஒன்றின் சாயல் மற்றொன்றில் எதிரொளித்து மேலும் அழுத்தமாகத் தோன்றும்.

வடக்கு நோக்கிய அறைக்குப் பெரும்பாலான நாட்களில் நேரடி வெயில் குறைவு. அங்கே சாம்பல், நீலம் ஆகியவை குளிர்ந்தும் சோர்ந்தும் தெரியலாம். மேற்கு நோக்கிய அறையில் மாலை வெயில் செம்மஞ்சளாக விழும். அங்கே ஏற்கெனவே செம்மை மிகுந்த நிறத்தைப் பூசினால் அறை கனன்று நிற்கும்.

ஒரு நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதைக் குறிக்க எல்.ஆர்.வி. என்ற அளவு உண்டு. முழுக் கறுப்புக்கு 0. முழு வெண்மைக்கு 100. பல நிறுவனங்கள் தங்கள் நிற அட்டவணைகளில் இதனைத் தருகின்றன. சன்னல் குறைந்த அடுக்ககக் குடியிருப்புகளில் இந்த எண் குறைவான நிறங்களைப் பரவலாகப் பூசினால், பகலிலேயே விளக்கேற்ற வேண்டிவரும். அச்செலவு மாதந்தோறும் மின்கட்டணத்தில் தெரியும்.

எனவே முழுச் சுவருக்கும் வாங்கும் முன் மிகச்சிறிய டின் ஒன்றை மட்டும் வாங்குங்கள். இரண்டடிக்கு இரண்டடி பரப்பில் இரண்டு பூச்சு பூசி, மூன்று நாட்கள் விட்டுவிடுங்கள். காலை, நண்பகல், விளக்கேற்றிய பின் என மூன்று பொழுதிலும் பாருங்கள். சில நூறு ரூபாய்ச் சோதனை பல ஆயிரங்களைக் காக்கும்.

வீட்டில் வாழ்வோரின் கண்ணுக்கேற்ப

வீட்டின் நிறத்தைப் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பவர்கள் இளையோர்; அவ்வீட்டில் பகல் முழுவதும் இருப்பவர்களோ முதியோர். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளிக்கிறது. நீலத்தையும் பச்சையையும் பிரித்தறிவது கடினமாகிறது. கூடுதல் வெளிச்சமும் தேவைப்படுகிறது. சுவர், கதவுச் சட்டம், தரை அனைத்தும் ஒரே வெளிர்ச் சாயலில் இருப்பது இன்றைய புகைப்படங்களில் அழகாகத் தெரியலாம். ஆனால் இரவில் எழுந்து குளியலறைக்குச் செல்லும் பெரியவருக்குச் சுவர் எங்கே முடிகிறது, வாயில் எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமல் போகலாம்.

முதியோர் வாழும் வீட்டில் நடப்பு நிறத்தைப் பூசுவதற்கு மிகப் பயனுள்ள இடம் கதவுச் சட்டமும் குளியலறை வாயிலும் ஆகும். படிகளின் விளிம்பும் சுவரிலிருந்து வேறுபட்ட நிறத்தில் இருக்கட்டும். அழகும் பாதுகாப்பும் ஒரே செலவில் கிடைத்துவிடும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது ஈயம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016ஆம் ஆண்டு மத்திய அரசு விதி வகுத்தது. அது 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கதவு, சன்னல், கிராதிகளில் பூசப்பட்ட எனாமலில் ஈயம் மிகுந்திருக்க வாய்ப்புண்டு. அதனை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் எழும் தூசு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. எனவே நீர் தெளித்து ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும் நாட்களில் குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அங்கிருந்து அகற்றி வையுங்கள். வேலை முடிந்தபின் ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள்.

முதலில் சுவர், பிறகு நிறம்

எவ்வளவு விலையுயர்ந்த வண்ணமும் ஓதச் சுவரில் நிலைக்காது. உப்புப் பூத்து உதிரும் சுவருக்குப் புதிய நிறம் மருந்தாகாது; நீர்க்கசிவின் மூலத்தைக் கண்டு அடைத்து, சுவர் நன்கு உலர்ந்த பின்னரே பட்டி பார்த்து, ப்ரைமர் அடிக்க வேண்டும். புதிய சிமெண்ட் பூச்சுக்குக் குறைந்தது நான்கு வாரம் இடைவெளி தேவை. மும்பை, கேரளம் போன்ற மழை மிகுந்த பகுதிகளில் பருவமழை ஓய்ந்த பின்னும், வட இந்தியாவில் கடுங்குளிர் தணிந்த பின்னும் வேலையைத் தொடங்குவது நல்லது. பளபளப்பற்ற பூச்சு சுவரின் மேடு பள்ளங்களை மறைக்கும். மென்பளபளப்புள்ள பூச்சு கறைகளைத் துடைக்க ஏற்றது. குழந்தைகள் உள்ள வீட்டுக் கூடத்துக்குப் பின்னது பொருந்தும்.

ஒரு சுவருக்குரிய டின்கள் அனைத்தையும் ஒரே தடவையில் கலந்து வாங்குங்கள்; தனித்தனியே கலந்தால் சாயல் சற்று மாறக்கூடும். நிறத்தின் பெயர், எண், பூச்சு வகை, பூசிய நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால் பின்னாளில் சிறு திருத்தம் செய்ய எளிது. பெயிண்டுக்கு ஜி.எஸ்.டி.யுடன் கூடிய பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். உத்தரவாதம் கோரும்போது அதுவே சான்று.

செலவுக்கு வழி

வண்ணப்பூச்சு எதிர்பாராச் செலவன்று. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தே தீரும் செலவு. ஆகவே அதற்கெனத் தனியே ஒரு தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கலாம். மாதம் 1,000 ரூபாய் வீதம் 60 மாதங்கள் செலுத்தினால் அசல் மட்டும் 60,000 ரூபாய் ஆகிறது, வட்டி தனி. மேற்கூரைப் பழுது, மின்கம்பி மாற்றம் போன்ற பெரிய பணிகளோடு சேர்த்துச் செய்வதாயின் வீடு புதுப்பித்தல் கடனை நாடலாம். கிரெடிட் கார்டில் செலவிட்டு நிலுவையை மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டு போவது இதற்கு ஏற்ற வழியன்று.

பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்கள், தாம் குடியிருக்கும் சொந்த வீட்டைப் பழுதுபார்க்கவோ புதுப்பிக்கவோ பெற்ற கடனின் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு கோர இடமுண்டு. வீட்டுக்கடன் வட்டிக்குரிய 2 லட்சம் ரூபாய் உச்சவரம்புக்குள்ளேயே இதுவும் அடங்கும். தங்கள் வரி ஆலோசகரிடம் கேட்டறிந்து செயல்படுக.

கடன் பெறுவோர் ஒரு விதியைக் கைக்கொள்வது நலம்: வண்ணத்தின் ஆயுளைவிடக் கடனின் ஆயுள் நீளக்கூடாது. ஐந்தாண்டில் மங்கிவிடும் சுவருக்கு ஏழாண்டுத் தவணை கட்டினால், பழைய நிறத்துக்குக் கடன் தீருமுன்பே புதிய நிறத்துக்குப் பணம் தேட வேண்டிவரும்.

வாடகை வீட்டில் வசிப்போர் ஒப்பந்தத்தைப் படித்து, உரிமையாளரின் இசைவை எழுத்தில் பெற்ற பின்னரே சுவரில் கைவைக்க வேண்டும். காலி செய்யும்போது பழைய நிறத்துக்கே மாற்றித் தரவேண்டுமா என்பதும் அதில் தெளிவாக இருக்கட்டும்.

ஷேட் கார்டைக் கையில் எடுக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். இந்த அறையில் அதிக நேரம் இருப்பவர் யார்? இங்கு எப்போது, எத்திசையிலிருந்து வெளிச்சம் வருகிறது? இந்நிறம் பிடிக்காமற்போனால் மாற்றுவதற்கு என்ன செலவாகும்? மூன்றுக்கும் விடை தெரிந்தவர்கள், ஆண்டின் நிறம் எதுவாயினும் அச்சமின்றித் தேர்ந்தெடுக்கலாம்.