காலையில் பூ... மதியம் அப்பளம்! வீட்டில் சுடும் டார்ட்டியா ஏன் விறைக்குது?

காலை 6.30 மணிக்கு ஆவடியில் கல்லிலிருந்து எடுக்கும்போது பூப்போல இருக்கு. லோக்கல் ரயிலைப் பிடித்து, அம்பத்தூரில் இறங்கி, மதியம் 1 மணிக்கு ஆபீஸில் டப்பாவைத் திறந்தால் மடித்த இடமெல்லாம் விரிசல். உள்ளே வைத்த பன்னீர் பாதி டப்பாவில், மீதி மடியில். "பேசாம சாம்பார் சாதமே கட்டியிருக்கலாம்" என்று தோன்றும் இடம் இதுதான்.

ரோல், ராப் எல்லாம் இப்போது ஆபீஸ் டப்பாவுக்கு வந்துவிட்டது. ஒரு கையில் பிடித்துச் சாப்பிடலாம், குழம்பு ஒழுகாது. ஆனால், கடையில் வாங்கும் டார்ட்டியா பாக்கெட் மாதக் கணக்கில் பார்த்தால் பர்ஸைக் கடிக்கிறது. மாவு, எண்ணெய், உப்பு, தண்ணீர்... எல்லாமே வீட்டில் இருப்பவைதான். அப்புறம் ஏன் வீட்டில் செய்தால் மட்டும் விறைத்துப்போகிறது?

டார்ட்டியா, டார்ட்டில்லா... எது சரி?

ஸ்பானிஷ் மொழியில் இரட்டை 'எல்' எழுத்தை 'ய' என்று உச்சரிப்பார்கள். அதனால் டார்ட்டியா. மெக்சிகோவின் பழைய டார்ட்டியா மக்காச்சோளத்தில் செய்வது. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து அரைப்பார்கள். 16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கோதுமையைக் கொண்டுபோன பிறகு, சொனோரா போன்ற வட மாநிலங்களில் கோதுமை மாவு டார்ட்டியா வேரூன்றியது. நாம் ரோல் சுற்றுவது இந்த இரண்டாவது வகையில்தான்.

அப்போ இது சப்பாத்திதானே?

பார்க்க அப்படித்தான். 1960-களில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்ததிலிருந்து பல மாநிலக் குடும்பங்கள் வாழும் ஆவடிக்குச் சப்பாத்தி புதுசு கிடையாது. ஆனால், இரண்டுக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. அது கொழுப்பு.

கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள இரண்டு புரதங்கள் கைகோத்து 'குளூட்டன்' என்ற வலையைப் பின்னும். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விசிறி போல விரிக்க முடிவது இந்த வலையின் பலத்தால்தான். டார்ட்டியாவுக்கு அவ்வளவு பலம் வேண்டாம். அதனால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே மாவில் எண்ணெயோ நெய்யோ சேர்த்துப் பிசிறுகிறோம். கொழுப்பு மாவுத் துகள்களின் மேல் படிந்துகொள்ளும். பிறகு தண்ணீர் ஊற்றினாலும் வலை ஓரளவுக்கு மேல் இறுகாது. கடித்தால் ரப்பர் மாதிரி இழுக்காமல் மெத்தென்று பிய்வதற்குக் காரணம் இதுதான்.

அளவு என்ன?

8 அங்குல டார்ட்டியா 8 வருவதற்கு:

• மைதா 125 கிராம், கோதுமை மாவு 125 கிராம் (இரண்டும் சேர்ந்து சுமார் 2 கப்)
• எண்ணெய் அல்லது உருக்கிய நெய் 3 டேபிள்ஸ்பூன்
• உப்பு முக்கால் டீஸ்பூன்
• பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன் (விருப்பப்பட்டால்)
• வெந்நீர் சுமார் 140 மி.லி.

முழுக்க மைதா என்றால் தண்ணீர் 125 மி.லி. அளவில் போதும். முழுக்கக் கோதுமை என்றால் 160 மி.லி.க்கு மேலும் கேட்கும். கல் இயந்திரத்தில் அரைக்கும்போது மாவிலுள்ள ஸ்டார்ச் மணிகள் அதிகம் சிதையும். சிதைந்த மணிகள் கூடுதல் தண்ணீரை உறிஞ்சும். தவிடும் தன் பங்குக்கு உறிஞ்சும். ரேஷனில் அரிசிக்குப் பதில் கோதுமை வாங்கி, தெருமுனை மில்லில் அரைப்பவர்கள் ஒருமுறை சலித்துக்கொள்வது நல்லது. பெரிய தவிட்டுத் துணுக்குகள் குளூட்டன் வலையை அறுத்து, தேய்க்கும்போது ஓரத்தில் வெடிப்பு விழவைக்கும்.

பேக்கிங் பவுடர் இல்லையே என்று சமையல் சோடாவை அதே அளவு போட்டுவிடாதீர்கள். மாவு மஞ்சளாகி, சோப்பு வாடை அடிக்கும்.

எப்படிச் செய்யணும்?

1. மாவு, உப்பு, பேக்கிங் பவுடரைக் கலந்து, எண்ணெய் ஊற்றி விரல் நுனியால் பிசிறுங்கள். புட்டு மாவு பதம்தான் கணக்கு: பிடித்தால் பிடிபடணும், விட்டால் உதிரணும்.

2. கொதித்து இறக்கி இரண்டு நிமிடம் ஆன வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, முதலில் கரண்டியால் கிளறுங்கள். கொழுக்கட்டை மாவுக்கு வெந்நீர் ஊற்றுகிற அதே தந்திரம்தான். சூடு படும் இடங்களில் ஸ்டார்ச்சில் ஒரு பகுதி வீங்கித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மதியம் வரை ஈரம் நிற்க இது உதவும்.

3. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் 4, 5 நிமிடம் பிசையுங்கள். காது மடலைத் தொட்டால் இருக்கும் மென்மை வேண்டும். கெட்டியாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு பிசையலாம். கெட்டி மாவில் மென்மையான டார்ட்டியா வரவே வராது.

4. எட்டு உருண்டைகளாக்கி, ஈரத்துணி போட்டு 30 நிமிடம் விடுங்கள். அவசரத்தில் எல்லாரும் தாண்டிப்போகும் படி இதுதான். பிசைந்த உடனே குளூட்டன் இழுத்துக் கட்டிய ரப்பர் பேண்டு போல இருக்கும். தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். பரோட்டாக் கடையில் உருண்டைகளுக்கு எண்ணெய் தடவி ஊறவைப்பது சும்மா இல்லை!

5. மெல்லிசாக, கிட்டத்தட்ட 2 மி.மீ. கனத்தில் தேயுங்கள். தூவும் மாவு குறைவாக இருக்கட்டும். அதிகம் ஒட்டிய மாவு கல்லில் கருகி, மேல்பகுதியை வறட்டிவிடும்.

விஷயமே கல்லில்தான் இருக்கு

மென்மையைக் கெடுக்கும் முதல் எதிரி குறைந்த தீ. தீ குறைவாக இருந்தால் டார்ட்டியா வெந்து புள்ளி விழ இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி, கையில் கிடைப்பது அப்பளம்.

தோசைக்கல்லில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். தண்ணீரைத் தெளித்தால் முத்து முத்தாக ஓடி மறையணும். ஒரு பக்கம் 30 முதல் 40 விநாடி, குமிழ் வந்ததும் திருப்பி இன்னொரு 20 முதல் 30 விநாடி. அவ்வளவுதான். எண்ணெய் விட வேண்டாம். நான்ஸ்டிக் தவாவை வெறுமனே அதிகச் சூட்டில் காயவைப்பது நல்லதல்ல. இதற்கு இரும்புக் கல்தான் சரி.

சுட்டவுடன் தட்டில் தனியாகப் போடாதீர்கள். பருத்தித் துணி விரித்த ஹாட் பாக்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடி, 15 நிமிடம் விடுங்கள். தன் ஆவியிலேயே விளிம்பு வரை மென்மையாகும். துணி இல்லாமல் மூடினால் மூடியில் கோத்த நீர் சொட்டி, கீழே இருப்பது நொதநொதவென்று ஆகிவிடும்.

டப்பாவில் என்ன தப்பு நடக்குது?

வெந்த ஸ்டார்ச் ஆற ஆற மறுபடியும் இறுகும். பழைய சோறு ஃப்ரிட்ஜில் விறைத்துப்போகிறதே, அதே கதைதான். இந்த இறுக்கம் வேகமாக நடப்பது ஃப்ரிட்ஜின் குளிரில். அதனால் சுட்ட டார்ட்டியாவை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அன்றைக்கே தீராது என்றால், ஆறவைத்து, இடையில் பட்டர் பேப்பர் போட்டு, காற்றுப் புகாத கவரில் ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டும்போது சூடான கல்லில் பக்கத்துக்கு 20 விநாடி போட்டால் பழையபடி மென்மையாகும்.

ஆபீஸ் டப்பாவுக்கு மூன்று விஷயம்:

• உள்ளே வைக்கும் மசாலா ஆறியிருக்கட்டும். சூடாகச் சுற்றினால் ஆவி உள்ளேயே நின்று ஊறிவிடும்.
• முட்டைப் பொடிமாஸ், சுண்டல், பன்னீர் புர்ஜி போல நீர் வற்றியவை சரிப்படும். வெங்காயப் பச்சடி தனி டப்பாவில் போகட்டும்.
• நம்ம ஊர் வெயிலில் தேங்காய்ச் சட்னியும் மயோனைஸும் வேண்டாம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டு தடை விதித்ததற்குக் காரணமே கிருமித் தொற்று அபாயம்தான்.

காலையில் இதுக்கெல்லாம் நேரம் ஏது?

இரவே பிசைந்து, எண்ணெய் தடவி, மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். வேகாத மாவுக்கு மேலே சொன்ன இறுக்கப் பிரச்சினை கிடையாது. இரவு முழுக்க ஊறுவதால் தேய்ப்பதும் சுலபம். ஆனால் பேக்கிங் பவுடரைத் தவிர்த்துவிடுங்கள். ஈரம் பட்டதுமே அது வேலையைத் தொடங்கிவிடும், காலையில் பெரிதாகப் பலன் இருக்காது. எழுந்ததும் மாவை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் குளித்து வந்தால் தேய்க்கும் பதத்துக்கு வந்திருக்கும். கோதுமை மாவு லேசாகக் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம், நொதிகள் செய்யும் வேலை அது.

பாக்கெட் டார்ட்டியா மட்டும் எப்படி நாள்கணக்கில் மென்மையா இருக்கு?

பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். பூஞ்சை வராமல் தடுக்க கால்சியம் புரோபியனேட் (ஐ.என்.எஸ். 282) அல்லது சார்பேட் வகை (200, 202), ஈரம் காக்க கிளிசரால் (422), மென்மைக்கு எமல்சிஃபையர் (471) போன்றவை இருக்கும். இவை அனுமதிக்கப்பட்ட சேர்மானங்கள்தான். வீட்டில் செய்வதில் இவை எதுவும் இல்லாததால், சென்னைப் புழுக்கத்தில் ஒரு நாளுக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள்.

இன்னொன்று: சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ள பொருள்தான் முதலில் வரும். முன்பக்கம் 'கோதுமை', 'மல்டிகிரெய்ன்' என்று போட்டிருந்தாலும், பின்பக்கம் முதல் பெயர் மைதா என்றால் அது பெரும்பாலும் மைதாதான்.

உடம்புக்கு எப்படி?

மேலே சொன்ன அளவில் ஒரு டார்ட்டியாவுக்கு சுமார் 5 கிராம் கொழுப்பு, அரை கிராம் உப்பு, 150 முதல் 160 கலோரி. மூன்று சாப்பிட்டால் உப்பு மட்டும் ஒன்றரை கிராம். ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் இருக்கணும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. உள்ளே வைக்கும் மசாலாவில் உப்பைக் குறைத்தால் கணக்கு சரியாகும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மைதாவைக் குறைத்து, கோதுமையைக் கூட்டி, உள்ளே சுண்டலோ முட்டையோ அதிகம் வைப்பது நல்லது.

முதல் தடவை வட்டம் வராது, ஆப்பிரிக்கா வரைபடம்தான் வரும். சுற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகுது? மாவு இளக்கமா, அரை மணி நேரம் ஊறியதா, கல் நன்றாகக் காய்ந்ததா... இந்த மூன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மதியம் டப்பாவைத் திறக்கும்போது பன்னீர் மடியில் விழாது.