மின்னஞ்சலுக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில், வெள்ளிமலையின் ஏதோ ஒரு பள்ளிக் கட்டடத்தில், ஊர்க்காரர்களே நடத்தும் மின்னஞ்சல் சர்வர் ஒன்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்துவிட்டது. இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. அந்த இரண்டு நாளில் வந்த கடிதங்கள் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. அனுப்பிய பக்கத்து சர்வர் அவற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, சிறிது நேரத்துக்கு ஒருமுறை மலையைக் கூப்பிட்டுப் பார்க்கும். நான்கைந்து நாளாவது முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்று மின்னஞ்சல் விதிமுறையே சொல்கிறது. கரண்ட் வந்ததும் கடிதங்கள் வரிசையாக வந்து சேரும்.

அந்த விதிமுறையின் பெயர் எஸ்.எம்.டி.பி. ஜான் போஸ்டல் 1982இல் அதை எழுதி, யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்தார். இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் வேடிக்கையாக இருக்கும். "220, தயார்" என்கிறது ஒன்று. "ஹெலோ" என்று தன் பெயரைச் சொல்கிறது மற்றது. இன்னாரிடமிருந்து, இன்னாருக்கு என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் "250, சரி" என்று பதில் வருகிறது. "354, சொல்லலாம்" என்றதும் கடிதம் போகிறது. கடைசியில் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. கடிதம் முடிந்ததற்கு அதுதான் அடையாளம். அதற்கு வரும் "250" முக்கியமானது: 'இனி இது என் பொறுப்பு' என்று பொருள். அது வராதவரை, அனுப்பிய சர்வர் தன் பிரதியை அழிக்காது.

இந்தப் பேச்சில் கூகுள் சர்வருக்கும் வெள்ளிமலை சர்வருக்கும் ஒரே மரியாதைதான். பிறகு ஏன் நாம் எல்லோரும் இரண்டு மூன்று நிறுவனங்களிடமே போய்ச் சேர்ந்தோம்? 2004 ஏப்ரலில் ஜிமெயில் வந்தபோது ஒரு ஜிபி இடம் இலவசம் என்றது. அன்று மற்ற இலவசச் சேவைகள் தந்தது சில எம்பி மட்டுமே. அதற்கு ஈடாக, கடிதங்களைக் கணினி படித்து விளம்பரம் காட்டியது. அந்த வழக்கத்தைக் கைவிடுவதாகக் கூகுள் அறிவித்தது 2017இல்தான்.

இன்னொரு காரணம், குப்பை அஞ்சல். முன்பின் தெரியாத சர்வரிலிருந்து வரும் கடிதத்தைப் பெரிய நிறுவனங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. வீட்டு பிராட்பேண்டிலிருந்து அனுப்பினால் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் சிறு குழுக்கள் தரவு மையத்தில் மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு சர்வரை வாடகைக்கு எடுக்கின்றன. போகும் கடிதம் ஒவ்வொன்றிலும் டிகிம் என்ற மின்னணு முத்திரையைக் குத்துகின்றன. அது உண்மையா என்று சோதிப்பதற்கான சாவி, டொமைன் பதிவில் ஊரறிய இருக்கும்.

உலகில் இப்படிப் பல குழுக்கள் நிலைத்திருக்கின்றன. அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய ரைஸ்அப், நன்கொடையில் ஓடுகிறது. பிரான்ஸின் ஃபிராமாசாஃப்ட், கோப்புச் சேமிப்பு முதல் பல சேவைகளை நடத்துகிறது. இந்தியாவில் கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர்கள், பொட்டேரி என்ற பெயரில் அரட்டை, சமூக வலைச் சேவைகளைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறார்கள். 'பிராவ்' என்ற அரட்டைச் செயலியின் குழு, அதைப் பயனர்களுக்கே சொந்தமான கூட்டுறவுச் சங்கமாக நடத்துவதை இலக்காக வைத்திருக்கிறது. கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்திலேயே, விழுப்புரம் க்னூ/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத் தருகிறது. லினக்ஸ் தெரிந்த கைகளுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை.

ஆனால் நல்லெண்ணம் மட்டும் போதாது. இத்தாலியின் ஆட்டிஸ்டிசி/இன்வென்டாட்டி குழுவின் சர்வர் வாடகை மையம் ஒன்றில் இருந்தது. 2004இல் போலீஸ் அங்கே போய் அதன் மறையாக்கச் சாவிகளைப் பிரதி எடுத்தது. குழுவுக்கு அது தெரிய வந்ததே ஓராண்டு கழித்துத்தான். அதன் பிறகு, சேவையைப் பல நாடுகளின் சர்வர்களில் பரப்பி வைத்தார்கள். ரைஸ்அப் 2017இல், புதிதாகச் சேரும் ஒவ்வொருவரின் அஞ்சல் பெட்டியும் அவரவர் கடவுச்சொல்லால் பூட்டப்படும்படி மாற்றியது. நிர்வாகி நம்மவர் என்பதால் மட்டும் கடிதம் பத்திரமாகிவிடாது. நிர்வாகியே நினைத்தாலும் திறக்க முடியாத பூட்டு வேண்டும்.

கள்ளக்குறிச்சிக்குக் கூட்டுறவு புதிதல்ல. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளில் கரும்பு விவசாயிகளே பங்குதாரர்கள். சர்க்கரை ஆலை போலத்தான் சர்வரும்: இயந்திரம் வாங்குவதைவிட, கணக்குப் பார்ப்பதும் பழுது பார்ப்பதும் முறை வைத்துக் காவல் இருப்பதும்தான் கடினம். ஒரே ஆர்வலர் தனியாகச் சுமந்த சேவை, அவருக்கு வெளியூரில் வேலை கிடைத்ததும் படுத்துவிடும்.

ஆகவே ஊரில் தொடங்க நினைப்பவர்கள் மின்னஞ்சலைக் கடைசியில் தொடலாம். முதலில் நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புச் சேமிப்பு மென்பொருளைப் போட்டு, நிலப் பட்டா, சாதிச் சான்று, பள்ளிப் பாடங்களின் பிரதிகளைச் சேமித்துப் பழகலாம். மூலம் அவரவர் பெட்டியிலேயே இருக்கட்டும். கூடவே, சங்கத்தின் பெயரில் ஒரு டொமைன் வாங்கிவிடுவது நல்லது. முகவரி சங்கத்துடையதாக இருந்தால், சர்வர் பிடிக்காதபோது இன்னொன்றுக்குக் குடிபெயரலாம். கடிதம் எழுதும் யாருக்கும் புது முகவரி சொல்லத் தேவையில்லை.