தேதி போட்டு எழுது

வலைப்பூ ஆரம்பிக்க ஆசை, ஆனால் தெற்கு அந்தமானின் வண்டூரில் உட்கார்ந்துகொண்டு எதை எழுதுவது என்று கேட்டாய். இரண்டாவது பாதியை முதலில் எடுத்துக்கொள்வோம். கணக்கு திறப்பது, எழுத்துரு, படம் ஏற்றுவது எல்லாம் ஒரு மாலையில் கைக்கு வந்துவிடும். எதை எழுதுவது என்று தெளியாததால்தான் நிறைய வலைப்பூக்கள் மூன்றாவது பதிவோடு நின்றுபோகின்றன. டீயை எடுத்துக்கொள்ளம்மா, நிதானமாகவே பேசலாம்.

ஆண்டுதோறும் மே 20ஐ ஒட்டி, அந்தமானில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது என்று தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் செய்தி வரும். கத்திரி வெயிலில் வெந்துகொண்டிருப்பவர்கள் ஆவலாகப் படிப்பார்கள். இரண்டு வரிதான் இருக்கும். அந்த மழை வண்டூருக்கு எப்படி வந்தது, காற்று எந்தப் பக்கம் திரும்பியது, ஜெட்டியிலிருந்து படகு கிளம்பியதா, முதல் நாளே ஓடை எவ்வளவு ஏறியது என்று இங்கே குடியிருக்கும் உன்னால்தான் சொல்ல முடியும். மெயின்லேண்டிலிருந்து வருகிறவர் ஒரு பகல் இருந்து, கண்ணாடி பதித்த படகில் பவளப்பாறை பார்த்து, நான்கு படம் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஜாலிபாய் தீவை ஏன் ஆண்டில் பல மாதம் மூடிவைக்கிறார்கள், அப்போது ஏன் ரெட்ஸ்கின் தீவுக்குப் படகு போகிறது, ஜெட்டியில் ஏன் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு வந்து இறங்கிய பிறகுதான் தெரிகிறது. 1983இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா, 15 தீவுகளும் நடுவே கடலுமாக 281 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. அதன் வாசலில் நீ இருக்கிறாய். இந்தக் கரையைப் பற்றித் தமிழில் எழுத இன்னும் எவ்வளவோ மிச்சம் இருக்கிறது.

இந்த வேலைக்கு முன்னோடி யார் என்று கேட்டால், கணினியைத் தொடாத ஒருவரைச் சொல்வேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். 1950இல் ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியைத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1996 பிப்ரவரி 18ஆம் தேதி இறக்கும்வரை, 46 ஆண்டுகள், அது நிற்கவில்லை. காட்டு யானையைப் பற்றி எழுதியதுபோலவே வீட்டைச் சுற்றித் திரியும் காகத்தையும் அணிலையும் பற்றியும் எழுதினார். அவர் பார்த்தது பெரும்பாலும் யாரும் பார்க்கக்கூடியதுதான். அதை உட்கார்ந்து பார்த்தார், மறப்பதற்குள் எழுதினார், அடுத்த பதினைந்து நாளில் மறுபடியும் எழுதினார். நீ செய்யவேண்டியதும் இதுதான்.

வலைப்பூவுக்கென்று ஓர் இயல்பு உண்டு. நீ எழுதும் ஒவ்வொரு பதிவும் தேதியோடு நிற்கும், புதியது மேலே, பழையது கீழே. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைகிறது. பேஸ்புக்கில் போன வருடம் போட்டதை நீயே தேடினாலும் எளிதில் கிடைக்காது. வலைப்பூவில் மூன்று ஆண்டு கழித்து யாரோ ஒருவர் ‘வண்டூர் மழை’ என்று தேடினாலும் உன் பதிவு கிடைக்க வழி இருக்கிறது. தேதியோடு எழுதிவைப்பது நம் ஊருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 2004 டிசம்பர் 26 நிலநடுக்கமும் சுனாமியும் காட்டின. ஒரே காலையில் தெற்கு அந்தமானின் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் பக்கம் நெல் விளைந்த வயலில் உப்புநீர் ஏறி அப்படியே தங்கிவிட்டது. வண்டூர்க் கரையில் பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன. அதற்கு முன்னால் கரை எதுவரை இருந்தது, அலை எந்த மரத்தடி வரை வந்தது என்று யாராவது சாதாரணமாக எழுதிவைத்த குறிப்பு இன்று கையில் கிடைத்தால் அதன் மதிப்பே வேறு. வடக்கு வண்டூரில் சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளை தொடங்கிய ஆய்வு நிலையம் இருக்கிறது, தெரியுமல்லவா? அங்கே தங்கி ஆராய்கிறவர்களிடம் கருவியும் முறையும் உண்டு. ஆனால் அவர்கள் ஒரு திட்டம் முடிந்ததும் போகவேண்டியவர்கள். வருடம் முழுக்க இங்கே இருந்து பார்க்கிறவள் நீ.

அதே சுனாமி நாட்களில் மும்பையில் பீட்டர் கிரிஃபின், ரோஹித் குப்தா, தினா மேத்தா மூவரும் பிளாக்கரில் காசு செலவில்லாமல் ஒரு வலைப்பூ திறந்தார்கள். எங்கே என்ன உதவி தேவை, யாரைத் தொடர்புகொள்வது என்ற விவரங்களைத் திரட்டிப் போட்டார்கள். பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்துகொண்டார்கள். தனிமனிதர்கள் சிலர் திறக்கும் பக்கத்துக்கும் இவ்வளவு பயன் இருக்கிறது.

சரி, எங்கே திறப்பது? உனக்கு பிளாக்கர் போதும். 1999இல் தொடங்கியது, 2003இல் கூகுள் வாங்கியது, இன்றும் இலவசம். ஜிமெயில் கணக்கு இருந்தால் பத்து நிமிட வேலை. வேர்ட்பிரஸ் 2003இல் வந்தது. வசதிகள் அதில் அதிகம், அதற்கேற்ற பராமரிப்பும் அதிகம். ஒரு வருடம் எழுதிய பிறகு தேவைப்பட்டால் பதிவுகளை அங்கே மாற்றிக்கொள்ளலாம். சொந்த டொமைன் வாங்குவதற்கும் இப்போது அவசரமில்லை, அதற்கு ஆண்டுதோறும் பணம் கட்டவேண்டும். முகவரி வைக்கும்போது மட்டும் ஒரு சோதனை செய். போனில் உன் அத்தையிடம் அதைச் சொல், அவர் தட்டிப் பார்க்கட்டும். ஒரே தடவையில் சரியாக வந்தால் வைத்துக்கொள்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனமாகப் பார். தலைப்பை முழுக்கத் தமிழில் வைத்தால் பிளாக்கர் அந்த எழுத்துகளை முகவரியில் எடுத்துக்கொள்ளாது. ‘பிளாக் போஸ்ட்’ என்று ஒரு பொதுப் பெயரையும் ஓர் எண்ணையும் ஆங்கிலத்தில் தானாகப் போட்டுவிடும். எல்லாப் பதிவுக்கும் ஒரே மாதிரி முகவரி, எது எதுவென்று உனக்கே தெரியாது. வெளியிடுவதற்கு முன்னால் வலது பக்க அமைப்புகளில் பெர்மாலிங்க் என்ற இடத்தைத் திற. அதில் உன் விருப்பப்படி வைக்கும் வழியைத் தேர்ந்து, ‘வண்டூர் முதல் மழை’ என்பதை ஆங்கில எழுத்தில் சிறிதாக, சொற்களுக்கு நடுவே சிறு கோடு போட்டு எழுது. வெளியிட்ட பிறகு மாற்றினால், ஏற்கெனவே பகிர்ந்தவர்களின் இணைப்பு அறுந்துபோகும். அதனால் முதலிலேயே செய்துவிடு.

படங்களும் அப்படித்தான். போனில் எடுத்த படம் நான்கைந்து எம்பி இருக்கும். அதை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தால் 300 கேபிக்குள் வந்துவிடும், பார்க்க ஒரு குறையும் தெரியாது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி கேபிள் திறக்கப்பட்ட பிறகு நம் இணையம் எவ்வளவோ மேல். அதற்குமுன் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தோம், ஒரு படம் ஏறுவதற்கே பொறுமை வேண்டும். இன்றும் சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும் இடங்களில் இருந்து படிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் படத்தைச் சிறிதாக்கு.

தமிழ் தட்டச்சு வரவில்லை என்று தயங்காதே. போனிலேயே விசைப்பலகை இருக்கிறது, பேசினாலும் எழுதிக்கொள்ளும். பேசி எழுதினால் ல, ள, ழ மாறிவிடும், ண, ன மாறிவிடும். ஒரு தடவை உரக்கப் படித்துப் பார்த்தபின் வெளியிடு. நவம்பர், டிசம்பரில் நமக்கு ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. பகலில் பார்த்ததை அன்று மாலையே குறிப்பாக எழுதிவிட்டால், கட்டுரையாக்குவது பிறகு லேசு.

எதைப் போடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது நம் தீவில் எல்லாவற்றையும்விடப் பெரிய பொறுப்பு. ஜாரவா மக்களைப் படம் எடுப்பதும் பகிர்வதும் குற்றம். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அதற்கென்றே இருக்கிறது. சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், நம்மிடம் எதையும் கேட்காமல் தங்கள் காட்டில் வாழ்பவர்களைக் காட்சிப்பொருளாக்க நமக்கு உரிமை இல்லை. ஆமை முட்டையிட்ட இடத்தைத் துல்லியமாகச் சொல்லாதே, படத்தில் இடக்குறிப்பு ஒட்டியிருந்தால் அகற்றிவிடு. பவளத்துண்டைக் கையில் பிடித்து எடுத்த படம் வேண்டவே வேண்டாம். முதலை எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தை ‘யாருக்கும் தெரியாத அருமையான குளிக்கும் இடம்’ என்று எழுதினால் ஓர் உயிர் போகலாம். படகுக்காரர் அண்ணன் ஒரு கதை சொன்னால், பெயர் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடு.

தொடர்ந்து நடத்துவது எப்படி என்று அடுத்துக் கேட்பாய். மாதம் இரண்டு பதிவு, அதற்குமேல் வாக்குக் கொடுக்காதே. ஜெயமோகன் ‘வெண்முரசு’ நாவல் வரிசையை 2014 ஜனவரியிலிருந்து 2020 ஜூலை வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாகத் தன் தளத்தில் வெளியிட்டு 26 நாவல்களாக முடித்தார். அதைப் பார்த்து உற்சாகப்படு, அந்த வேகத்தைக் கையில் எடுக்காதே. திறப்பதற்கு முன்பே மூன்று பதிவு கையிருப்பு வைத்துக்கொள். உடம்பு சரியில்லாத வாரத்துக்கும், பரீட்சை வாரத்துக்கும் அது உதவும். முதல் ஆறு மாதம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கைத் திறக்காதே. பத்துப் பேர் பார்த்திருப்பார்கள், அதில் நான்கு பேர் நம் வீட்டார். கூகுள் விளம்பரம் 2018 முதல் தமிழ்ப் பக்கங்களுக்கும் கிடைக்கிறது என்றாலும், காசை நினைத்துத் தொடங்கினால் காசு வராத முதல் வருடத்திலேயே கை ஓய்ந்துவிடும்.

இன்னொன்று, எழுதியதைக் காப்பாற்றுவது. 2003, 2004இல் தமிழில் வலைப்பூ அலையாக எழுந்தது. காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியில் புதிய பதிவுகள் ஒரே இடத்தில் வந்து விழும். அப்போது நான் ரசித்துப் படித்த எத்தனையோ பக்கங்கள் இன்று திறப்பதில்லை. கடவுச்சொல் மறந்திருக்கும், பழைய போன் எண் கைமாறியிருக்கும். அதனால் கணக்கில் இன்னொரு மீட்பு மின்னஞ்சலையும் சேர்த்துவை, உன் அம்மாவுடையதாகவே இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளாக்கர் அமைப்புகளுக்குப் போய் காப்பு நகலை இறக்கிக்கொள். அந்தக் கோப்பில் எழுத்து வரும், படங்கள் வராது. படங்களைத் தனியாக ஒரு பென்டிரைவில் போட்டுவை, இங்கே இருக்கும் ஈரத்துக்கு அதையும் டப்பாவில் மூடிவை.

தலைப்பும் டெம்ப்ளேட்டும் தேடி இந்த வாரத்தை ஓட்டிவிடாதே. நாளைக்கு ஜெட்டிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார். பைச் சோதனையை மட்டும் பார்: எதை வாங்கி வைக்கிறார்கள், எதை அனுமதிக்கிறார்கள், வந்தவர்கள் என்ன கேட்கிறார்கள். முந்நூறு வார்த்தை எழுதி, மேலே தேதி போட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவா. சந்திப்பிழை நான் பார்த்துத் தருகிறேன்.