முன்பாரமும் பின்பாரமும்

பழைய நாளிலே வல்லிபுரக் கோயில் கடற்றீர்த்தத்துக்குக் கூடார வண்டிலிற் போய் வந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றார்கள். வண்டிலுக்குள் வைக்கோல் பரப்பி, அதன்மேற் பாய் விரித்து, கட்டுச்சோறும் தண்ணீர்ச் செம்புமாகக் குடும்பமே ஏறிக்கொள்ளும். மரநிழல் கண்ட இடத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டால் அதுவே வீடு. அந்தச் சுகத்தை வட அமெரிக்க மக்கள் மோட்டார் வண்டியின் துணைகொண்டு வேறொரு கோலத்தில் அனுபவித்து வருகிறார்கள். 2023ஆம் ஆண்டுக் கோடையில், கனடாவிலே ரொறன்ரோ நகருக்கு அண்மையில் வசிக்கும் என் தம்பியின் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது அதனை நேரிலே கண்டேன். கண்டதோடன்றிச் சற்று நடுங்கியும் போனேன்.

அதனை அங்கே 'பொப்-அப் கேம்பர்' என்கிறார்கள். மடிப்புக் கூடார வண்டி என்று நாம் சொல்லலாம். மூடியிருக்கும்போது அது இரண்டு சில்லுகளின்மேல் வைத்த பெரியதொரு பெட்டகம். உயரம் ஓராளின் நெஞ்சளவு. தங்குமிடத்தில் நிறுத்தி ஒரு கைபிடியைச் சுழற்றினால், உள்ளேயிருக்கும் கம்பிவடங்கள் கூரையை மேலே தூக்குகின்றன. முன்னும் பின்னும் இரண்டு கட்டில்கள் இழுப்பறைபோல வெளியே நீள, அவற்றைச் சுற்றித் தடித்த துணி சுவராகிறது. நடுவிலே மேசையும் எரிவாயு அடுப்பும் உண்டு. பதிவான உருவமாதலால் ஓடும்போது காற்றை அதிகம் எதிர்ப்பதில்லை, பாரமும் குறைவு. ஆகவே சாதாரணக் குடும்ப வானே அதனை இழுத்துச் செல்லும்.

தம்பிக்கும் பிள்ளைகள் இருவருக்கும் அதன்மேல் ஆசை. தம்பியின் மனைவிக்கோ துளியும் விருப்பமில்லை. "காசு குடுத்துக் கூடாரத்திலே படுக்கிறதோ?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். அவள் வார்த்தையில் நியாயம் இருந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. மழையிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, தென்மராட்சியில் ஒரு மாமரத்தின்கீழே படங்கு கட்டி மாதக்கணக்கில் இருந்தவள். துணிக்கூரையின்மேல் மழை விழும் ஓசையைக் கேட்டால் இன்றும் தனக்கு உறக்கம் வராதென்று என்னிடம் சொன்னாள். தம்பியும் வற்புறுத்தவில்லை. "வந்து பார்; பிடியாவிட்டால் வாங்கவேண்டாம்" என்று மட்டும் சொன்னான்.

முதலிற் பார்த்த வண்டி வெளியே பளபளவென்றிருந்தது. விலையும் மலிவு. தம்பி பணத்தை எடுக்கப் போனான். உள்ளே எட்டிப் பார்த்த அவளோ முகத்தைச் சுளித்து, "இது ஈரத்தோடை மடிச்ச துணி, பூஞ்சணம் மணக்குது" என்றாள். படங்கின்கீழே வாழ்ந்தவளின் மூக்கு பொய் சொல்லவில்லை. மூலையிலே தரையை மிதித்துப் பார்த்தோம், பஞ்சுபோல அமிழ்ந்தது. பலகை உக்கிவிட்டது! பழைய வண்டி வாங்குவோர் முதலிற் பார்க்கவேண்டியவை இவையே: துணியின் தையல், தரையின் உறுதி, கூரையின் மூலைகள், தூக்கும் வடங்கள். கூரையை முழுவதும் ஏற்றி இறக்கிக் காட்டாத வண்டியை வாங்கவே கூடாது. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்தது என்பது பொருள். ஓடாமல் நின்றாலும் ரயர் முதுமையடையும். வெடித்தபின் வருந்திப் பயனில்லை.

மூன்றாவதாகப் பார்த்தது ஒரு முதிய தம்பதியுடையது. துணி மணக்கவில்லை, தரை அமிழவில்லை. 5,500 டொலருக்குப் பேசி முடித்தோம். அந்த முதியவர் ஆசிரியர்போல நின்று எல்லாவற்றையும் செய்து காட்டினார். வானின் பின்னே உள்ள உருண்டையும் வண்டியின் வாயும் ஒரே அளவாயிருத்தல் வேண்டும். 2 அங்குல வாயை 1⅞ அங்குல உருண்டையிற் கொளுவினால் பள்ளத்திலே துள்ளிக் கழன்றுவிடும். இரு சங்கிலிகளையும் வாயின் கீழே குறுக்காக மாட்டவேண்டும். வாய் கழன்றால் அவை தொட்டில்போல ஏந்திக்கொள்ளும். பின்னோக்கிச் செலுத்தும்போது கையைச் சுக்கானின் அடியிலே வைத்து, வண்டி எப்பக்கம் போகவேண்டுமோ அப்பக்கம் கையை நகர்த்தவேண்டும். ஓடும் வண்டிக்குள் ஒருவரும் இருத்தலாகாது. ஒன்ராறியோ மாகாணச் சட்டமே அதனைத் தடுக்கிறது. மொத்தப் பாரம் 1,360 கிலோகிராமை எட்டினால் இழுபடும் வண்டிக்கும் பிறேக் வேண்டும் என்பதும் சட்டம். தம்பியுடையது அதற்குக் குறைவு, பிறேக் இல்லை. கடைசியாக அம்முதியவர் சொன்னது இது: "பின்வண்டி ஆடத் தொடங்கினால் பிறேக்கை மிதியாதே. வேகமிதியை விட்டுவிட்டுச் சுக்கானை நேரே பிடி."

அந்தச் சொல்தான் எங்களைக் காத்தது. ஓகஸ்ட் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அல்கோன்குயின் வனத்துக்குப் புறப்பட்டோம். தம்பியின் மனைவியும், பிள்ளைகளுக்காக, வந்தாள். 400ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லொறி எங்களைக் கடந்து சென்றது. அதன் காற்றிலே எங்கள் வண்டி ஒருமுறை அசைந்தது. பிறகு மீன்வால்போல இருபுறமும் வீசத் தொடங்கியது. வானின் பின்பகுதியே இழுபட்டது. பிள்ளைகள் அலறினார்கள். தம்பியின் கால் பிறேக்கை நோக்கிப் போவதைக் கண்டேன், நல்லவேளை, நின்றுவிட்டது. சுக்கானை இறுகப் பிடித்தபடி வேகம் தானே தணிய விட்டான். சில விநாடிகளில் ஆட்டம் அடங்கிற்று. எனக்கோ அது ஒரு யுகம்.

அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிப் பார்த்தபோது காரணம் விளங்கியது. வண்டியின் பின்புறச் சட்டத்திலே மூன்று சைக்கிள்களும் இரண்டு தண்ணீர்க் கலன்களும் தொங்கின. "தம்பி, இது பின்பாரமடா!" என்றேன். எங்கள் தகப்பனார் வண்டில் வைத்திருந்தவர். பின்னே பாரம் கூடினால் நுகம் மேலெழுந்து மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்னே கூடினால் மாடு முழந்தாளிடும். அதனால் மூட்டைகளை மாற்றி மாற்றி வைத்து, நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்தபின்னரே மாட்டைப் பூட்டுவார். அங்குள்ளவர்கள் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: வண்டியின் மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் 10 முதல் 15 பங்கு கொளுக்கியின்மேல் அழுந்தவேண்டும். குறைந்தால் வண்டி ஆடும். மிகுந்தால் இழுக்கும் வாகனத்தின் பின்புறம் தாழ்ந்து, முன்சில்லுகளின் பிடி தளரும்.

போகுமிடத்திலே குழாய் இருக்கையில் தண்ணீரைச் சுமப்பானேன்? கலன்களை ஊற்றிவிட்டோம். சைக்கிள்களை வானுக்குள் ஏற்றி, வானிலிருந்த சட்டிபானைகளையும் அரிசியையும் வண்டியின் முன்பெட்டிக்கு மாற்றினோம். அப்பால் 90 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாமல் ஓடினோம். லொறிகள் கடந்தும் வண்டி அசையவில்லை. பின்னர் வீட்டிலே அதே சுமையோடு கொளுக்கியைக் குளியலறைத் தராசின்மேல் இறக்கிப் பார்த்தோம். ஏறக்குறைய 2,300 றாத்தல் வண்டிக்கு 250 றாத்தல் காட்டியது.

அல்கோன்குயின் 1893ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்ட பழைய பூங்கா. ஏரிகளும் காடுமாக விரிந்து கிடக்கிறது. அங்கே கரடி உண்டு. துணிச்சுவர் கரடிக்குத் தடையல்ல. ஆகவே உணவையெல்லாம் வானுக்குள் வைத்துப் பூட்டினோம். சில்லுக்கு அணை வைத்து, மட்டம் பார்த்து, மூலைக்கால்களை இறக்கி, கூரையை ஏற்றினோம். இவ்வரிசை மாறலாகாது, அணை வைக்காமற் கொளுக்கியைக் கழற்றினால் வண்டி உருண்டுவிடும்.

இரண்டாம் இரவில் மழை வந்தது. துணிக்கூரை படபடத்தது. நான் விழித்துப் பார்த்தபோது தம்பியின் மனைவி கட்டிலில் எழுந்திருந்தாள். இரு பிள்ளைகளும் அவள் மடியருகே அயர்ந்து உறங்கினார்கள். "அதுகளுக்கு இந்தச் சத்தம் தாலாட்டாக் கிடக்கு" என்றாள் மெல்ல. விடியும்வரை அவள் உறங்கவில்லையென்றே நினைக்கிறேன். ஆயினும் வீட்டுக்குப் போவோம் என்று அவள் சொல்லவில்லை.

மழை விடாதபடியால் துணியை ஈரத்தோடே மடிக்க நேர்ந்தது. வீடு வந்து சேர்ந்த மறுநாட்காலை தம்பி வேலைக்குப் போய்விட்டான். முற்றத்திலே சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வெயிலிலே கூரையை ஏற்றி, கட்டில்களை இழுத்துவிட்டு, துணியை மடிப்பு மடிப்பாக விரித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள் அவள். "நனைஞ்சதை இரண்டு நாளுக்குமேலே மடிச்சு வைக்கப்படாது, உக்கிப்போடும்" என்றாள். பிறகு, "அடுத்த வருஷமும் வேணுமல்லோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.