விற்கேக்க விலை போகாத கார்

"அண்ணா, ஒரு கொரியன் கார் விலைக்கு வந்திருக்கு. ஒட்டோ கியர். எடுக்கலாமோ?"

2023 கடைசியில் புதுக்குடியிருப்பிலிருந்து சித்தியின் மகன் தொலைபேசியில் கேட்டான். 2009 இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவன். பல வருடங்களாக ஆட்டோ ஓட்டித்தான் குடும்பத்தைப் பார்க்கிறான். ஆட்டோவில் கிளச்சும் கியரும் இடது கையில் இருக்கின்றன. காலுக்கு இருப்பது வலது பக்கத்துப் பிரேக் மட்டும். அதனால் அவனுக்கு அதில் சிரமமில்லை. சிரமம் சித்திக்கு. முதுகில் இன்னும் ஒரு ஷெல் துண்டு இருக்கிறது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போவதென்றால் கிட்டத்தட்ட நூறு கிலோமீற்றர். ஆட்டோவில் போய் வந்தால் மூன்று நாள் படுக்கைதான்.

கார் என்றால் அவனுக்கு ஒட்டோ கியர் கட்டாயம் வேண்டும். வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்து நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. பழைய யப்பான் கார்கள் எல்லாம் தங்க விலை விற்றன. அவன் சேர்த்து வைத்திருந்த காசு அதே வயது யப்பான் கார் ஒன்றின் பாதி விலைக்கும் காணாது. கொரியன் காருக்கு மட்டுமே கைக்கு எட்டியது. ஊரில் கேட்ட எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "தம்பி, உதை எடுக்கேக்க சிரிப்பாய், விக்கேக்க அழுவாய்."

நான் மெக்கானிக் இல்லை. படித்தது ஊடகக் கற்கை. ஆனால் விசாரித்து எழுதுவது என் தொழில் என்பதால் அவனுக்காக விசாரித்தேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவன் வாங்கிய கார் எந்தக் கொம்பனியுடையது என்று எழுதப்போவதில்லை. பதினைந்து வருடம் பலர் கையில் ஓடிய ஒரு காரை வைத்து ஒரு கொம்பனியை எடைபோடுவது நியாயமில்லை.

கொரியன் கார்களின் கெட்ட பெயர் காரணமில்லாமல் வந்ததல்ல. ஹுண்டாய் 1967 இல் தொடங்கிய கொம்பனி. அதன் முதல் சொந்தக் கார் போனி, மிட்சுபிஷி எஞ்சினோடு 1970களின் நடுப்பகுதியில் வந்தது. 1986 இல் எக்செல் என்ற சிறிய காரை 4,995 டொலருக்கு அமெரிக்காவில் இறக்கினார்கள். முதல் வருடமே 1 இலட்சத்து 68 ஆயிரத்துக்கும் மேல் விற்றது. பிறகு அந்தக் கார்கள் வரிசையாகப் பழுதாகத் தொடங்கின. ஹுண்டாயின் பெயர் அங்கே பகிடிக்குரிய பெயராகிப் போனது. அந்தப் பெயரைக் கழுவத்தான் 1998 இல் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் 10 வருடம் அல்லது 1 இலட்சம் மைல் உத்தரவாதம் அறிவித்தார்கள். முழு உத்தரவாதமும் அமெரிக்காவில் முதல் உரிமையாளருக்கு மட்டும். ஆனாலும் பத்து வருடத்துக்குள் பழுதானால் செலவு கொம்பனியின் தலையில் விழும் என்ற நிலை வந்ததும், பழுதாகாமல் செய்வது இலாபமான வேலையாகிவிட்டது. திருந்தியதற்கு அதுவும் ஒரு முக்கிய காரணம்.

அதே 1998 இல்தான் கடனில் மூழ்கியிருந்த கியாவை ஹுண்டாய் வாங்கியது. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்ததும் அதே வருடம். நமது வீதிகளில் ஓடும் பல ஹுண்டாய் சிறிய கார்கள் கொரியாவில் செய்யப்பட்டவையே அல்ல, சென்னையில் செய்யப்பட்டவை. சேஸி நம்பரைப் பார்த்தால் பிடிபடும். கே.எம்.எச் என்று தொடங்கினால் ஹுண்டாய் கொரியாவில் செய்தது, எம்.ஏ.எல் என்று தொடங்கினால் இந்தியாவில் செய்தது. பாகம் தேடும்போது இந்த மூன்று எழுத்துகள் அலைச்சலைக் குறைக்கும். ஒரே பெயருள்ள காருக்கு இரண்டு நாட்டுப் பாகம் எப்போதும் பொருந்துவதில்லை.

கொரியன் என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதும் பிழை. டேவூ என்ற கொம்பனியே கடனில் உடைந்து 2002 இல் ஜெனரல் மோட்டர்ஸின் கைக்குப் போனது. அதன் மாட்டிஸ் நல்ல வடிவமான குட்டிக் கார். ஆனால் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை மாதிரி, பாகத்துக்கு ஆளைத் தேட வேண்டும். சங்யோங் ஜீப்புகள் இங்கே மைக்ரோ என்ற பெயரோடு ஓடின. அந்தக் கொம்பனியும் கைமாறிக் கைமாறி இப்போது கே.ஜி மொபிலிட்டி என்று பெயரே மாறிவிட்டது. கார் நல்லதா என்று கேட்பதற்கு முதல், அதைச் செய்தவன் இன்னும் இருக்கிறானா என்று கேட்க வேண்டும்.

இணையத்தில் தேடினால் இரண்டு நேர்மாறான செய்திகள் கிடைக்கும். ஒன்று, மூன்று வருடம் பழகிய கார்களை வைத்து ஜே.டி. பவர் நிறுவனம் அமெரிக்காவில் செய்த 2022 ஆய்வில் கியா எல்லாக் கொம்பனிகளையும் முந்தி முதலிடம் எடுத்தது. மற்றது, தீட்டா 2 என்ற எஞ்சின். எஞ்சினுக்குள் கிராங் சாஃப்ட் செய்யும்போது சீவிய இரும்புத்துகள் முழுதாகக் கழுவப்படாமல் உள்ளே தங்கி, ஒயில் போகும் வழியை அடைத்து, பெயரிங்கைத் தின்று எஞ்சினையே இறுக்கிவிட்டது. 2015 இல் சுமார் 4 இலட்சத்து 70 ஆயிரம் சொனாட்டாக்களைத் திருப்பி அழைத்தார்கள், 2017 இல் இன்னும் கூடுதலாக. திருப்பி அழைக்கத் தாமதித்ததற்காக 2020 நவம்பரில் ஹுண்டாயும் கியாவும் மொத்தம் 210 மில்லியன் டொலருக்கு அமெரிக்க அரசோடு தண்ட உடன்பாடு செய்தன.

இரண்டு செய்தியும் உண்மை. ஆனால் தீட்டா 2.0, 2.4 லீற்றர் பெரிய எஞ்சின். நம்மவர் வாங்கும் 1.0, 1.1 லீற்றர் கார்களில் அது இல்லை. மூன்று வருட ஆய்வும் பதினைந்து வருடக் காரை வாங்குபவனுக்கு எதையும் சொல்லாது.

அவனுக்குச் சொல்லக்கூடியது ஒரு றப்பர் பெல்ட்.

டைமிங் பெல்ட் என்பது எஞ்சினுக்குள் மேலே உள்ள வால்வுகளையும் கீழே உள்ள பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஆட வைக்கும் பல் வைத்த பெல்ட். அது ஓட்டத்தில் அறுந்தால் தாளம் தப்பும். பல எஞ்சின்களில் பிஸ்டன் மேலேறி, திறந்திருக்கும் வால்வில் மோதி வளைத்துவிடும். பிறகு எஞ்சினைப் பிரிக்கும் செலவு காரின் விலையில் நல்ல பங்கு. பழைய சான்ட்ரோ, 1.1 லீற்றர் ஐ10, முதல் தலைமுறை பிகான்ரோ எல்லாவற்றிலும் இருப்பது இந்த பெல்ட்தான். பின்னால் வந்த கப்பா எஞ்சின்களில் இரும்புச் சங்கிலி. அதை இப்படிக் குறித்த காலத்துக்கு மாற்ற வேண்டியதில்லை. இங்கே பலர் ஏமாறும் இடம், பெல்ட்டுக்குக் கிலோமீற்றர் மட்டுமல்ல, வயதும் உண்டு என்பது. வீட்டில் சும்மா நின்ற காரிலும் றப்பர் காய்ந்து வெடிக்கும்.

தம்பி பார்த்த காரின் சொந்தக்காரர் அதைத்தான் பெருமையாகச் சொன்னார்: "கன ஓட்டம் இல்லை. அறுபதாயிரம்தான். பெல்ட் ஒண்டும் மாத்தேல்லை, அப்படியே புதுசு."

கிளிநொச்சியில் இருந்து கூட்டிப்போன வயதான மெக்கானிக் ஐயா மூடியைக் கழற்றி, பெல்ட்டை விரலால் மெல்ல மடித்துக் காட்டினார். நெடுக வெடிப்பு. பொருளாதாரத் தடைக் காலத்தில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்த தலைமுறை அவர். ஸ்ரார்ட் பண்ண ஒரு சொட்டுப் பெற்றோல், ஓட மண்ணெண்ணெய். "அந்தக் காரெல்லாம் நாங்கள் சொல்லுறதைக் கேட்கும். இது கொம்பியூட்டர் சொல்லுறதைத்தான் கேட்கும்" என்றார். உண்மைதான். சென்சர் வைத்த கார்களுக்குப் பழுதை வாசிக்கும் கருவி வேண்டும். அது யாழ்ப்பாணத்தில் தாராளமாக இருக்கிறது, புதுக்குடியிருப்பில் தேட வேண்டும். யப்பான் காரின் உண்மையான பலம் அதுதான் என்று நினைக்கிறேன். ஊருக்கு ஊர் அதைத் தெரிந்த ஒருவரும், உடைத்து விற்கும் கடையும் இருக்கின்றன.

இனி விலைக் கணக்கு. விற்கும்போது விலை போகாது என்பது குறைதான், ஆனால் யாருக்கு? புதிதாக வாங்கியவருக்கு. அவர் அந்த நட்டத்தை ஏற்கெனவே பட்டுவிட்டார். காசு கொடுத்து வாங்கி, ஓடாது என்று நிற்கும்வரை வைத்திருக்கப் போகிறவனுக்கு அந்த நட்டம்தான் கழிவு விலை. லீசிங்கில் எடுப்பவனின் கதை வேறு. தவணை கட்ட முடியாமல் போனால் காரை விற்றுக் கடனை அடைக்க வேண்டும். அப்போது மறுவிற்பனை விலைதான் அவனைக் காக்கும் வேலி. பழைய கொரியன் காரை லீசிங்கில் எடுப்பவனுக்கு அந்த வேலி இல்லை. 2009க்குப் பிறகு வன்னிக்குள் முதலில் வந்தவற்றில் லீசிங் கொம்பனிகளும் உண்டு. தவணைக்குத் தப்பாமல் ஆட்டோவைப் பறிகொடுத்தவர்களை எல்லோருக்கும் தெரியும். தம்பிக்கு நான் உறுதியாகச் சொன்ன ஒரே விசயம், லீசிங் வேண்டாம் என்பது. 2025 பெப்ரவரியில் தனியார் கார் இறக்குமதி திரும்பத் திறந்துவிட்டதால், தடைக்காலத்து உச்ச விலைக்குக் கடன் எழுதியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, ஓப்பன் பேப்பர். முதல் சொந்தக்காரர் கையெழுத்து வைத்த படிவத்தோடு நாலு கை மாறி வந்த கார். அது கொரியனோ யப்பானோ, புத்தகத்தில் பெயர் மாற்றாமல் வாங்கக்கூடாது. விபத்து நடந்தால் பொலிஸ் தேடுவது வேறொருவரை, அலைவது நீங்கள்.

வெடித்த பெல்ட்டைக் காட்டிப் பேசி விலை குறைத்தோம். குறைத்த காசில் பெல்ட், ரென்ஷனர், வோட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றினோம். பம்பைத் தனியாகப் பிறகு மாற்றினால் அதே கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும். கியர் ஒயிலும் மாற்றினோம். இந்த நான்கு கியர் ஒட்டோ பெட்டிகள் பழமையானவை, ஆனால் ஒயிலைக் கவனித்தால் உழைக்கும்.

இரண்டு வருடத்தில் இரண்டு தடவை காலைவாரியது. றேடியேற்றர் விசிறி மோட்டர் நின்று முறிகண்டியில் சூடேறியது. கிராங் சென்சர் போய் பரந்தன் வீதியில் நடு வெயிலில் நின்றது. சென்சர் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வர மூன்று நாள். அந்தத் தடவை சித்தியின் கிளினிக் தவறியது. அடுத்த திகதி கிடைக்க ஒரு மாதம் ஆனது. மூன்று நாளைக்கு ஒரு சென்சர் என்பது கணக்கில் சிறிய செலவு, அவருக்கு அது சிறிய செலவு இல்லை. அதற்குப் பிறகு தம்பி ஒரு உதிரி சென்சரையும் விசிறி பியூஸையும் டாஸ்போர்ட் பெட்டிக்குள் வைத்திருக்கிறான்.

ஆட்டோவை விற்கவில்லை, அதுதான் இன்னும் உழைப்பு. கார் கிளினிக் நாட்களுக்கும், எப்போதாவது வரும் ஹயருக்கும். முன் சீற்றைச் சரித்து, முதுகுக்குத் தலையணை வைத்து, சித்தி யாழ்ப்பாணம் போய் அன்றே திரும்பி, இரவுச் சாப்பாட்டைத் தானே சமைக்கிறா. பொனற்றைத் திறந்தால் உள்பக்கத் தகட்டில் வெள்ளைப் பெயின்ற்றால் எழுதியிருக்கிறது: பெல்ட் மாற்றிய திகதி, கிலோமீற்றர், அடுத்தது எப்போது. காரை விற்றாலும் அதை அழிக்க மாட்டானாம்.