பைலேரியாப் புழுக்களின் நிறமூர்த்தங்கள்

யானைக்கால் நோயை உண்டாக்கும் வூச்செரேரியா பாங்க்ரொஃப்டி, புரூகியா மலாயி ஆகிய இரு பைலேரியாப் புழுக்களுக்கும் நிறமூர்த்தங்கள் ஐந்து சோடிகள். ஆபிரிக்காவில் ஆற்றுக்குருடு நோயைத் தரும் ஒங்கோசெர்காவுக்கு நான்கு. மண்ணில் சுதந்திரமாக வாழும் கெனோராப்டிடிஸ் எலிகன்ஸுக்கு ஆறு. குதிரைக் குடலில் வாழும் ஒரு பராஸ்காரிஸ் இனத்தின் இனப்பெருக்கக் கலங்களில் ஒரே ஒரு சோடிதான்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் உறவு புலப்படாது. உருளைப்புழுக்களின் மூதாதைக்கு ஏழு நிறமூர்த்தக் கூறுகள் இருந்தன என்பது ஆய்வாளர் கருத்து. அவற்றை நைகன் கூறுகள் என்பர். கல்லோயாச் சந்தியில் ரயில் பெட்டிகளை மாற்றிக் கோத்தாலும் ஒவ்வொரு பெட்டியையும் அடையாளம் காணலாம். இந்தக் கூறுகளும் அப்படித்தான்.

மிக வியப்பானது பாலைத் தீர்மானிக்கும் முறை. கெனோராப்டிடிஸ் எலிகன்ஸில் இருபாலிக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள், ஆணுக்கு ஒன்றே, வை நிறமூர்த்தம் கிடையாது. புரூகியா ஆணுக்கோ வை உண்டு. அது எங்கிருந்து வந்தது? எக்ஸ் நிறமூர்த்தம் சாதாரண நிறமூர்த்தம் ஒன்றுடன் ஒட்டிக்கொண்டால், பெண்ணில் இணைந்த வடிவமே இரண்டாக அமைந்துவிடும். ஆணில் இணைந்தது ஒன்று; ஒட்டாத பழைய துணை மற்றொன்று. அந்தத் துணை இனி தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும். எக்ஸுடன் பகுதிகளைப் பரிமாறுவது குறையக் குறைய, அதன் பரம்பரை அலகுகள் சிதைகின்றன. புதிய வை உருவாகிறது. இத்தகைய மாற்றம் பைலேரியா உறவினங்களில் ஒருமுறையல்ல, தனித்தனியே பலமுறை நிகழ்ந்திருப்பதை 2020 இல் வெளியான புரூகியா மலாயி ஆய்வு காட்டியது.

இலங்கைக்கு இப்படிப் புழுக்களின் மரபணுக்களை ஒப்பிடுவது வெறும் ஏட்டறிவன்று. 1960களின் பின் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட புரூகியா தொற்று, 2000களில் மீண்டும் பதிவானது. நாய், பூனைகளிலும் புரூகியா உண்டு. நாயில் வாழும் புரூகியா சிலோனென்சிஸ் 1962 இல் இந்நாட்டிலேயே விவரிக்கப்பட்டது. யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியதை உலக சுகாதார நிறுவனம் 2016 இல் ஏற்றது. நோய் நிலவிய எட்டு மாவட்டங்கள் மேல், தென், வடமேல் மாகாணங்களைச் சேர்ந்தவை. திருகோணமலை அவற்றில் இல்லை. ஆனால் நுளம்பும் தெருநாயும் மாவட்ட எல்லை அறியா. புரூகியாவைப் பரப்பும் மன்சோனியா நுளம்பின் புழுப்பருவம் ஆகாயத்தாமரை வேரில் ஒட்டி வளர்வது. திருகோணமலையின் மூதூர், கிண்ணியாப் பக்கத்து நீர்நிலைகளையும், துறைமுகத்தை அண்டித் திரியும் விலங்குகளையும் கவனிக்காமல் விடுவது தவறு. அவ்விலங்குகளின் இரத்தத்தில் புரூகியா அகப்பட்டால், நுணுக்குக்காட்டியில் வடிவம் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அதன் மரபணு வரிசையை மனிதரிடம் கிடைத்த புழுவினதோடு ஒப்பிட வேண்டும். விலங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றியதா என்பதை அறிய அதுவே உறுதியான வழி.