வாந்திபேதி வார்டில் செவிலியரின் கணக்கு

இரைப்பையின் உட்சவ்வும் குடலின் உட்சவ்வும் கிருமித் தாக்குதலால் சிவந்து புண்பட்டு, வாந்தியும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வயிற்றுவலியும் ஒருசேரத் தோன்றும் நோய்நிலையை மருத்துவ நூல்கள் இரைப்பைக் குடல் அழற்சி என்று குறிப்பிடுகின்றன. ஊர் வழக்கில் இது வாந்திபேதி. குழந்தைகளிடம் ரோட்டா வைரஸ், எல்லா வயதினரிடமும் நோரோ வைரஸ், கெட்டுப்போன உணவு வழியே வரும் சால்மொனெல்லா, சாக்கடை கலந்த குடிநீர் வழியே வரும் ஈ. கோலை, இரத்தமும் சளியுமாக மலம் போகச் செய்யும் ஷிகெல்லா என்று காரணக் கிருமிகள் பலவாயினும், இவற்றால் வரும் நோய் பெரும்பாலோரிடம் சில நாள்களில் தானாகவே அடங்கிவிடும். அது அடங்கும்வரை உடல் தாக்குப்பிடிக்க வேண்டுமானால், வெளியேறும் நீரும் உப்பும் உடனுக்குடன் ஈடுசெய்யப்பட வேண்டும். அந்த ஈடுசெய்தலை மணிக்கணக்கில் உடனிருந்து, அளந்து, கண்காணித்துச் செய்பவர் செவிலியர் என்பதால், இந்நோயில் பராமரிப்பையும் சிகிச்சையையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கவே முடியாது. சீட்டில் எழுதப்படும் மருந்துகளைக் காட்டிலும் வார்டில் நடக்கும் இந்த வேலைக்கே நோயாளி பிழைப்பதில் பங்கு மிகுதி.

நோயாளி வந்தவுடன் செவிலியர் முதலில் அறிய முயல்வது எந்தக் கிருமி என்பதை விட, எவ்வளவு நீர் போயிருக்கிறது என்பதையே. இதற்குக் கருவி ஏதும் வேண்டியதில்லை. குழந்தை சிணுங்கிக்கொண்டு நிலைகொள்ளாமல் இருக்கிறதா, அல்லது துவண்டு அரைமயக்கத்தில் கிடக்கிறதா, கண்கள் குழிவிழுந்திருக்கின்றனவா, அழுதால் கண்ணீர் வருகிறதா, கைக்குழந்தையானால் உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறதா, தண்ணீரைக் காட்டினால் தாவிப் பிடித்துக் குடிக்கிறதா, குடிக்கவும் திராணியின்றித் தலையைத் திருப்பிக்கொள்கிறதா என்பன கண்ணால் பார்த்து அறிய வேண்டியவை. இவற்றோடு, தொப்புளுக்கும் விலாப்புறத்துக்கும் நடுவே வயிற்றுத் தோலைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நெடுக்குவாக்கில் மடித்துப் பிடித்து விட்டுவிடுவார். நலமான உடலில் மடிப்பு உடனே மறைந்துவிடும். மெல்ல மறைந்தால் ஓரளவு நீரிழப்பு, 2 வினாடிக்கு மேல் நின்றால் கடும் நீரிழப்பு. ஓரளவு நீரிழப்பு என்பது உடல் எடையில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடு வரை குறைந்திருப்பதையும், கடும் நீரிழப்பு அதற்கும் மேற்பட்ட குறைவையும் குறிக்கும். தோல் தளர்ந்த முதியவரிடமும் மெலிந்து எலும்பான குழந்தையிடமும் இந்தச் சோதனை ஏமாற்றும் என்பதை அனுபவமுள்ளவர் மறப்பதில்லை. அங்கே நாடித் துடிப்பும் சிறுநீரின் அளவும்தான் பேசும்.

இழந்ததை ஈடுசெய்யும் முதன்மையான வழி ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச் சர்க்கரைக் கரைசல். வயிற்றுப்போக்கின்போது வெறும் நீரைக் குடல் போதிய அளவு உறிஞ்சுவதில்லை. ஆனால் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாகக் கிடைத்தால் குடற்சுவரின் செல்கள் இரண்டையும் சேர்த்தே உள்ளிழுக்கின்றன, அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே வருகிறது. ராபர்ட் கிரேன் என்னும் உயிர்வேதியியலாளர் 1960-இல் முன்வைத்த இந்த விளக்கம், 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்காவ் ஊரில் பெரும் சோதனைக்கு உள்ளாயிற்று. அகதிகளிடையே காலரா பரவி, சிரைவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோகும் நிலையில், மருத்துவர் திலீப் மகாலனபிஸ் தலைமையிலான குழு சாதாரண உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் கலந்து குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குடிக்கக் கொடுத்தது. அதற்குமுன் 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. காலராவில் குடற்சுவர் அழற்சி கொள்வதில்லை, அதன் நஞ்சு நீரைக் கசியவிடுவதே நோய் என்பதால் அது வேறு வகையைச் சேர்ந்ததுதான். எனினும் அழற்சி வார்டுகளில் இன்று நடைமுறையில் உள்ள பராமரிப்பின் பெரும்பகுதி காலரா கற்றுக்கொடுத்தது.

2002-ஆம் ஆண்டுமுதல் உலக நல நிறுவனம் பரிந்துரைக்கும் கலவையில், ஒரு லிட்டர் நீருக்கு 2.6 கிராம் சமையல் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் ஆகியவை உள்ளன. இந்த அளவு பிசகக் கூடாது. ஆனால் வார்டில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இதுவே: ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைப் பிரித்து, ஒரு தம்ளர் நீரில் பாதியைக் கொட்டிக் கலக்கிக் கொடுத்துவிடுவார்கள், 200 மில்லி லிட்டருக்கான சிறு பொட்டலமும் கடைகளில் கிடைப்பதால் குழப்பம் கூடுகிறது. கரைசல் கெட்டியானால் இரத்தத்தில் சோடியம் ஏறிக் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். நீர்த்துப்போனால் கொடுத்தும் பயனில்லை. ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி அட்டைப் பெட்டிகளில் விற்ற இனிப்புப் பானங்களும் இதே அளவு தீங்கானவை, ஏனெனில் மிகுதியான சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகப்படுத்தும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அப்பெயரை அத்தகைய பானங்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. இது எப்போதோ வந்திருக்க வேண்டிய தடை.

கொடுக்கும் முறையில்தான் செவிலியரின் பொறுமை வெளிப்படுகிறது. ஓரளவு நீரிழப்புள்ள குழந்தைக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 75 மில்லி என்ற கணக்கில் 4 மணி நேரத்தில் கரைசல் போய்ச்சேர வேண்டும். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 750 மில்லி, அதாவது 5 மில்லி பிடிக்கும் தேக்கரண்டியால் 150 கரண்டி. ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு கரண்டி வீதம் நான்கு மணி நேரம். தாய் பதற்றத்தில் தம்ளரோடு புகட்டினால் இரைப்பை அதைத் திருப்பி அனுப்பிவிடும். குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் நிறுத்தி, பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகத் தொடர வேண்டுமே தவிர, கரைசல் ஒத்துக்கொள்ளவில்லை என்று கைவிடக் கூடாது. குழந்தையைச் சற்று நிமிர்த்தி மடியில் உட்காரவைத்து, முதல் பத்துக் கரண்டியைச் செவிலியரே கொடுத்துக் காட்டிவிட்டால், எஞ்சியதைத் தாயோ பாட்டியோ பழகிக்கொள்வர். இமைகள் வீங்கினால் நீர் மிகுந்துவிட்டதென்று பொருள். உடனே கரைசலை நிறுத்திவிட்டுத் தாய்ப்பாலோ வெறும் நீரோ தந்து கவனிக்க வேண்டும்.

‘குளுக்கோஸ் ஏத்துங்க சிஸ்டர்’ என்று உறவினர் கேட்காத வார்டு தமிழ்நாட்டில் இராது. பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் நடக்கிறது என்னும் நம்பிக்கை அவ்வளவு வேரூன்றியிருக்கிறது. உண்மையில் மயங்கிய நிலையில் உள்ளவர், குடிக்க இயலாதவர், ஓயாமல் வாந்தி எடுப்பவர், நாடி தளர்ந்தவர் ஆகியோருக்கே சிரைவழித் திரவம் தேவை. அதுவும் உப்பற்ற குளுக்கோஸ் நீரால் பயனில்லை, ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புகள் அடங்கிய திரவமே ஏற்றது. கடும் நீரிழப்பில் கிலோவுக்கு 100 மில்லி ஏற்றப்படும்: ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதல் 30 மில்லி ஒரு மணி நேரத்திலும் எஞ்சிய 70 மில்லி ஐந்து மணி நேரத்திலும், மற்றவர்களுக்கு முதற்பகுதி அரை மணியிலும் பிற்பகுதி இரண்டரை மணியிலும். மணிக்கட்டு நாடி பலப்படும்வரை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை செவிலியர் அதைத் தொட்டுப் பார்க்கிறார். நோயாளி விழுங்கத் தொடங்கியதும், ஊசி கையில் இருக்கும்போதே, வாய்வழிக் கரைசலையும் தொடங்கிவிடுகிறார்.

கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் வரவு செலவுத் தாள் பார்ப்பதற்குச் சாதாரணமானது. உள்ளே சென்ற கரைசல், கஞ்சி, சிரைத் திரவம் ஒருபுறம். வாந்தி, மலம், சிறுநீர் மறுபுறம். மலம் எத்தனை முறை, நீர்த்ததா, இரத்தம் கலந்ததா, கரிய நிறமா என்பதும் அதில் ஏறும். வயது வந்தவருக்கு எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லியாவது சிறுநீர் பிரிய வேண்டும். 60 கிலோ உடையவர் மணிக்கு 30 மில்லிக்கும் குறைவாகக் கழித்தால் சிறுநீரகம் தவிக்கிறது என்று பொருள். போக்கு மிகக் கடுமையானால் அளப்பதே சிக்கலாகிவிடும். அதற்காகத்தான் டாக்கா முதலிய இடங்களின் காலரா வார்டுகளில், நடுவில் துளையிட்ட கட்டிலும் அடியில் அளவுக்குறியிட்ட வாளியும் பயன்படுத்தப்படுகின்றன. நோயாளியை எழுப்பி அலைக்கழிக்காமல் சுத்தமாக வைத்திருக்கவும், போனதைத் துல்லியமாக அளக்கவும் ஒரே ஏற்பாட்டில் வழிசெய்த இந்த எளிய கட்டிலுக்கு, பல விலையுயர்ந்த கருவிகளைவிடப் பெருமை உண்டு.

வயிற்றைக் காயப்போட வேண்டும் என்னும் வழக்கமும் மருத்துவமனைக்குள் கூடவே வருகிறது. பட்டினி போட்டால் குடலின் உட்சவ்வு புதுப்பிக்கப்படுவது தாமதப்படும் என்பதால், தாய்ப்பால் ஒருவேளையும் நிறுத்தப்படக் கூடாது. நீரிழப்பு சரியானதும் குழைந்த சோறு, இட்லி, உப்பிட்ட கஞ்சி, மோர், வாழைப்பழம் ஆகியவை சிறுசிறு அளவில் தரப்பட வேண்டும். குடலின் இயக்கத்தை மடக்கும் லோபரமைடு போன்ற மாத்திரை சிறு குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. நீராகப் போகும் பெரும்பாலான நேர்வுகளில் ஆண்டிபயாடிக்கும் தேவைப்படுவதில்லை. இரத்தம் கலந்த சீதபேதியில் மருத்துவர் அதை எழுதுவார்.

அடிக்கடி மலம் போவதால் ஆசனவாயைச் சுற்றித் தோல் வெந்துபோகும். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பைப் பூசிவருவது நோயாளி கேட்கக் கூசும் உதவியாகையால் செவிலியர் தாமே முன்வந்து செய்ய வேண்டியது. கைத்தூய்மையில் ஒரு நுட்பமும் உண்டு: ஆல்கஹால் கலந்த சானிடைசர் நோரோ வைரஸை நன்றாகக் கொல்வதில்லை என்பதால், இந்த வார்டில் சோப்பும் ஓடும் நீரும்தான் நம்பத் தகுந்தவை.

இதே உறுப்புகளில் வரும் அழற்சிகளே ஆனாலும், நாள்பட்ட இரைப்பை அழற்சியும் பெருங்குடற் புண் அழற்சியும் தனிக் கட்டுரைக்கு உரியவை. முன்னதில் தார்போல் கறுத்த மலம் உட்கசிவின் அடையாளமாகலாம் என்றும், இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்றும் அறிந்து செவிலியர் விசாரிப்பார்; பின்னதில் கழிப்பறைக்கு அருகிலுள்ள கட்டிலை ஒதுக்குவதே நோயாளியின் பாதிக் கவலையைத் தீர்த்துவிடும்.

வீடு திரும்பும் நாளில், வீட்டில் ஒரு லிட்டர் பிடிக்கும் பாத்திரம் எது என்று கேட்டு, கரைசலைக் கலக்கப்போகிறவரின் கையாலேயே ஒருமுறை கலக்கச் செய்து பார்த்துவிடுவது நல்ல வழக்கம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குட்பட்டதற்கு 10 மில்லிகிராம் என்ற அளவில் துத்தநாக மாத்திரை 14 நாள் தரப்பட வேண்டும். மூன்றாம் நாளே போக்கு நின்றுவிட்டதென்று பலர் நிறுத்திவிடுவதால், எஞ்சிய மாத்திரைகளை எண்ணிக் காட்டியே அனுப்ப வேண்டும். குழந்தை குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ, காய்ச்சல் கூடினாலோ, எழுப்ப எழுப்ப உறங்கினாலோ மறுநாள்வரை காத்திராமல் அன்றே திரும்பி வர வேண்டும் என்பதையும் செவிலியர் சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லவைக்கிறார்.